எங்கள் மீன் தொட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் வீட்டு மரைன் டேங்கில் (கடல் மீன் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி) மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்த விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன், புலம்பினேன். காரணம் பிடிபட்டுவிட்டது, தொட்டி இப்போது நன்றாக இருக்கிறது. ஆளாளுக்கு போன் செய்து நன்றி சொன்னால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். யார் யார் என்ன செய்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரியவும் வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

தொட்டி வைத்தது அப்பாவுக்காக. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போவதே நின்றுவிட்டது. ஒவ்வொரு மீன் மிதந்தபோதும் அவர் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை.

முதல் நன்றி கொளத்தூர் வளர்ப்பு மீன் கடை அண்ணாவுக்கு. புதுத் தொட்டியில் மீன் செத்தால் எல்லோரும் அமோனியாவைத்தான் சொல்வார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றவேண்டும். அந்த பாக்டீரியா பெருகி நிலைக்க பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அண்ணா நேரில் வந்து சோதித்தார். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025. சூடு 26 டிகிரி. எல்லாம் சரியாக இருந்தது. வேறு யாராவது என்றால் இன்னும் இரண்டு மீனைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அண்ணா, “காரணம் தெரியற வரைக்கும் எங்க கடையிலயும் சரி, வேற எங்கயும் சரி, ஒரு மீன்கூட வாங்காதீங்கம்மா” என்றார். மீன் விற்றுப் பிழைக்கிறவர் சொன்ன வார்த்தை அது. மறக்க மாட்டேன்.

மேல் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டரை எடுத்து வந்து பம்ப், தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் எதிலும் தண்ணீருக்குள் கரண்ட் கசியவில்லை என்று உறுதி செய்தார். காசு வாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, “உங்க ஆர்.ஓ. காப்பர் கலக்குற வகையா?” என்று கேட்டார். எங்களுடையது அப்படி இல்லை. ஆனால் அந்தப் பேச்சை ஒட்டித்தான் அவருடைய உறவுக்காரப் பெண்ணுக்கு விஷயம் போனது. மீன்வளக் கல்லூரியில் படிக்கிற தங்கச்சி. அன்று ராத்திரியே போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, உங்க தொட்டியில இறால் உயிரோட இருக்கா?”

இருந்தது. கிளீனர் இறால் பாறை மேல் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது, நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. காப்பர் மாதிரி விஷமாக இருந்தால் இறாலும் நத்தையும்தான் முதலில் போகும், மீன் அதற்கு அப்புறம்தான் என்றார் தங்கச்சி. அவை தெம்பாக இருக்க மீன் மட்டும் சாகிறதென்றால், மீனை மட்டும் பிடிக்கிற எதுவோ உள்ளே இருக்கிறது. எல்லோரும் செத்ததையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிழைத்திருப்பதைப் பார்க்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மீன்கள் பம்ப் தண்ணீர் விசிறுகிற இடத்திலேயே நிற்கின்றனவா, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகின்றனவா, மூச்சு வேகமாக வாங்குகின்றனவா என்று கேட்டார். மூன்றும் ஆம்.

அடுத்த மீன் செத்தால் ஃப்ரீசரில் வைக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் மேல் வைத்து உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார். நேரமானால் ஒட்டுண்ணி உடலை விட்டு உதிர்ந்துவிடுமாம். ஒரு டாம்செல் மீன் விடியற்காலையில் போனது. விடுமுறை நாளில் ஆய்வகத்தைத் திறந்துவிட்ட அவருடைய பேராசிரியருக்கும் என் வணக்கம். செவுள் மூடியை வெட்டி, உள்ளிருந்து நூல் அளவுக்கு ஒரு துண்டை எடுத்து, ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு, கண்ணாடிச் சில்லு மூடி, என்னையும் பார்க்க வைத்தார்கள். சீப்புப் பல் போல வரிசையாக செவுள் இழைகள். அவற்றின் நடுவே கரும்பழுப்பு நிறத்தில் முட்டை வடிவப் பைகள், ஒட்டிக்கொண்டு அசையாமல். வெள்ளைப்புள்ளி நோய் என்றால் உருண்டுகொண்டே இருக்கும், இது அசையாது, வெல்வெட் நோய் என்றார் பேராசிரியர். அதை உண்டாக்குவது அமைலூடினியம் ஒசெல்லேட்டம். 1931-லேயே விவரிக்கப்பட்ட ஒட்டுண்ணி. ஒரு பை கீழே உதிர்ந்து பிரிந்தால் 256 குட்டிகள் வரை நீந்தி வெளியே வரும். முதலில் செத்தவற்றுக்குப் பதிலாக நாங்கள் இரண்டாவது தடவை விட்ட மீன்கள் ஏன் இன்னும் சீக்கிரம் செத்தன என்பது அப்போது விளங்கியது. முதலில் செவுளைத்தான் பிடிக்கும் என்பதால், மேலே ஒரு பொட்டுகூடத் தெரியாமலே மீன் மூச்சுத் திணறிப் போய்விடும். எந்த மீனோடு வந்தது என்று இனிச் சொல்ல வழியில்லை.

மிச்சமிருந்தவை இரண்டு கிளவுன் மீன்கள். அண்ணா நகரிலிருந்து ஒரு தம்பி (இதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை) தன் காலித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள், காப்பர் டெஸ்ட் கிட் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். காப்பர் மருந்து அந்தத் தனித்தொட்டியில் மட்டும். அது நீந்தித் திரிகிற குட்டிகளைத்தான் கொல்லும், செவுளில் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது; அதனால் அளவு குறையாமல் நாள்தோறும் பார்க்கவேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் மீனுக்கே ஆபத்து. அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். காலையில் காபிக்கு முன் சோதித்து, சரக்குக் கணக்கு எழுதிய அதே கையெழுத்தில் நோட்டில் குறிப்பார். அப்பா, உங்களுக்கும் நன்றி. பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 6 வாரம் விட்டோம், இறாலும் நத்தையும் மட்டும் உள்ளே. ஒட்ட மீன் கிடைக்காவிட்டால் வெல்வெட் தானாக அழிந்துபோகும்.

கிளவுன்களில் ஒன்று மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் ராத்திரி போய்விட்டது. மற்றது பிழைத்து, பெரிய தொட்டிக்குத் திரும்பி, அப்பா கையிலிருந்தே தீனி வாங்கிச் சாப்பிடுகிறது. அதற்குத் துணையாகக் கொளத்தூர் அண்ணாவிடம் வாங்கிய மீன் இப்போது தனித்தொட்டியில் இருக்கிறது.

தொட்டியைத் திருப்பித் தரக் கேட்டதற்கு அண்ணா நகர் தம்பி, “உங்ககிட்டயே இருக்கட்டும், யாருக்காவது தேவைப்பட்டா குடுங்க” என்று சொல்லிவிட்டார். இந்த மீன் வெளியே வந்ததும் கழுவிக் காய வைத்துவிடுவேன். உங்களில் யார் வீட்டிலாவது மீன் மூச்சு வாங்கினால் ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்கள், தொட்டியும் கிட்டும் நானே கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு மகள்