மாநகராட்சி விளையாட்டு அரங்கின் மின்செலவை அளந்து குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
உள்விளையாட்டு அரங்கில் ஷட்டில் ஆடுவோர், நீச்சல் குளத்துக்கு வருவோர் சார்பில்

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: அரங்கின் நேரத்தைக் குறைக்காமல், மின்சாரம் எங்கே செலவாகிறது என்று அளந்து, வீணாவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கரண்ட் பில் கூடிவிட்டது என்று சென்ற மாதம் முதல் எங்கள் பகுதி அரங்கை இரவு 7 மணிக்கே பூட்டுகிறார்கள். முன்பு 9 மணி வரை திறந்திருந்தது. 7 மணிக்கு மேல் ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள். அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. பலர் வருவதையே விட்டுவிட்டார்கள்.

செலவு கூடியது உண்மைதான். ஆனால் எதனால் கூடியது? அரங்கம், உடற்பயிற்சிக் கூடம், குளத்து மோட்டார், போர்வெல், மாடியில் உள்ள அலுவலக ஏசி எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். பில்லில் மொத்தமாக ஒரு தொகைதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு இரவு ஆட்டத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

நாங்களே எண்ணிப் பார்த்தோம். கூரையில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் 24 இருக்கின்றன. சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 430 வாட் இழுக்கும். மொத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 10 யூனிட். காலை 10 முதல் மாலை 4 வரை அரங்கில் அநேகமாக ஆளே இருப்பதில்லை, விளக்குகள் மட்டும் எரிகின்றன. அந்த 6 மணி நேரத்தில் 60 யூனிட் போகிறது. இரவில் 2 மணி நேரத்தைப் பிடுங்கியதால் விளக்கில் மிச்சமானது 20 யூனிட்.

இதில் காவலாளி மேல் தவறில்லை. இந்த விளக்கை அணைத்தால் சூடு தணிந்த பிறகுதான் மறுபடி எரியும். 10 நிமிடம், சில நேரம் 15 நிமிடம்கூட ஆகும். அதுவரை மட்டையோடு இருட்டில் நிற்பவர்களிடம் திட்டு வாங்குவது அவர்தான். போதாக்குறைக்கு நான்கு கோர்ட்டுக்கும் ஒரே சுவிட்ச். எல்இடி போட்டால் 200 வாட்டுக்குள் அதே வெளிச்சம் கிடைக்கும், போட்டவுடன் எரியும். கோர்ட்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். செலவில்லாத பகல் வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடித் தகடு பதிப்பதாக இருந்தால், கோர்ட்டுக்கு நேர்மேலே மட்டும் வேண்டாம். அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசிப் பந்து தெரியாமல் போகும்.

குளத்தின் 7.5 குதிரைத்திறன் மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. முழுச் சுமையில் மணிக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல் எடுக்கும். தண்ணீர் சுத்தமாக இருக்க அது ஓடத்தான் வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைகள் இறங்கும் தண்ணீர் அது. ஆனால் குளத்தில் ஆள் இல்லாத இரவில் முழு வேகம் தேவையில்லை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியைப் பொருத்தி வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். குளோரின் அளவை மட்டும் தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனவே, முதலில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் துணை மீட்டர் பொருத்த உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். திறக்கும்போதும் பூட்டும்போதும் ரீடிங்கை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பூட்டிய பிறகும் மீட்டர் ஓடினால் எது இழுக்கிறது என்று மறுநாளே தெரிந்துவிடும். இரண்டு மாத ரீடிங் சேர்ந்ததும், மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் சான்று பெற்ற தணிக்கையாளர் ஒருவரை அனுப்பி, எதை முதலில் மாற்றலாம் என்று கேட்டு முடிவு செய்யலாம். அந்த அறிக்கையை அரங்கின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.

அதுவரை இரவு 9 மணி வரை அரங்கைத் திறந்து வைக்க வேண்டுகிறோம். பகலில் ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைக்கச் சொன்னாலே இந்த 2 மணி நேரச் செலவு ஈடாகிவிடும். விளக்கு எரியும் வரை முணுமுணுக்காமல் காத்திருக்க நாங்கள் தயார். ரீடிங் எழுத ஆள் போதவில்லை என்றால், எங்களில் காலை 5 மணிக்கு வருபவர்களும் இரவு கடைசியாகப் போகிறவர்களும் முறை வைத்து எழுதித் தருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
அரங்கைப் பயன்படுத்தும் பகுதி மக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)