அந்த நான்கு நொடிகளைச் சரியாகச் சொல்ல உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரில் தன் குழுவைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர் கொடுத்த சுபேதார் சுப்பிரமணியனின் நினைவுக் கல்லும் அதன் பக்கத்தில் வைத்த சிறு காட்சிப் பெட்டியும் உங்கள் உழைப்பு. கல் வெட்டியவர், பெட்டிக்காகக் கண்ணியின் மர மாதிரியைக் கடைந்தவர், விருதுக் குறிப்பைத் தமிழாக்கியவர், பிழை பார்த்த முன்னாள் சாப்பர்கள் (கண்ணி அகற்றுவது போன்ற பணிகளைச் செய்யும் படைப் பொறியாளர்கள்) என எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

முன்னாள் சாப்பர்களுக்குத்தான் பெரிய கடன். "கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர் கொடுத்தார்" என்று எழுதினால் வீரம் தெரியும், ஆனால் அது எவ்வளவு பெரியது என்பது தெரியாது. அதைப் புரியவைக்க அந்தக் கண்ணி இயங்கும் விதத்தை நீங்கள் வரிவரியாக எழுதிக் கொடுத்தீர்கள். ஜெர்மானியரின் எஸ்-மைன் சுமார் 4 கிலோ எடையுள்ள எஃகு டப்பா. மண்ணுக்கு மேலே தெரிவது மூன்று மெல்லிய கம்பி முனைகள் மட்டும். ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம் பட்டாலே திரி பற்றிக்கொள்ளும். உடனே வெடிக்காது. நான்கு நொடி போல எரிந்த பிறகு, அடியிலுள்ள மருந்து உள் டப்பாவை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எறியும். அங்கேதான் வெடிப்பு. சுமார் 360 எஃகுக் குண்டுகள் நாலாபுறமும் சிதறும். நிற்பவர், ஓடுபவர் எல்லோருக்கும் இடுப்பிலும் நெஞ்சிலும் படும்; சற்றுத் தள்ளி மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டவருக்குத் தப்ப வழியுண்டு.

ஆக, அந்த நான்கு நொடி தன்னைக் காத்துக்கொள்ளவும் போதும். 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மின்யானோ அருகே, தன் குழுவில் ஒருவர் காலடியில் கண்ணி பற்றிக்கொண்டதும் சுப்பிரமணியன் அந்த நொடிகளை மற்றவர்களுக்காகச் செலவிட்டார். டப்பா மேலெழும் முன்பே அதன்மேல் விழுந்து, சிதறலைத் தன் உடம்பால் வாங்கிக்கொண்டார்.

காலை எடுத்தால்தான் வெடிக்கும், மிதித்தபடியே நின்றால் பிழைக்கலாம் என்ற பரவலான நம்பிக்கை தவறு என்பதையும் நீங்களே எடுத்துக்காட்டினீர்கள். மிதித்த கணத்திலேயே திரி எரியத் தொடங்கிவிடும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அவர் செய்ததன் பொருளே மாறிப் போயிருக்கும்.

கண்ணியைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் இருந்தும் எப்படி மிதித்தார்கள் என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். பீரங்கி அடித்த நிலத்தில் குண்டுச் சில்லுகள் மண்ணெங்கும் கலந்து கிடக்கும். காதுக்கருவி எதற்கும் ஒலிக்கும். அக்காலத்தில் நேசநாட்டுப் படைகளிடம் இருந்த போலந்து வகைக் கருவியே 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சுமந்தபடி ஒவ்வோர் ஒலிக்கும் குனிந்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாக மண்ணில் செருகித் தடவிப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கம்பி முனையையே அழுத்திவிடக்கூடும். நல்ல பயிற்சி உள்ளவருக்கும் கை தவறும் வேலை இது. யாரையும் குறை சொல்லும் தொனி காட்சிப் பெட்டியின் விளக்கப் பலகையில் வந்துவிடக் கூடாது என்று நீங்கள் வற்புறுத்தியது மிகச் சரி.

விருதுக் குறிப்பைத் தமிழாக்கியவருக்கு: பதவியையும் பதக்கத்தையும் பற்றி நீங்கள் பிடித்த பிடிவாதத்துக்கு நன்றி. அவர் கேப்டன் அல்லர், ஹவில்தாரும் அல்லர். சுபேதார், இன்றைய ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) நிலை. படை, விக்டோரியா மகாராணியின் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பதக்கம், 1940-இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் சிலுவை. பழைய பதக்கத்துக்கு மாற்றாக அல்லாமல் அதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர், இறந்தபின் வழங்கப்பட்டது. போர்க்களத்தில் இறந்தவருக்கு ஏன் விக்டோரியா சிலுவை இல்லை என்றால், அது எதிரியின் எதிரில் காட்டும் வீரத்துக்கு உரியது. கண்ணி அகற்றுகையில் எதிரில் எதிரி இல்லை. ஜார்ஜ் சிலுவை அதற்கு இணையாகவே மதிக்கப்படுவது, ஒரு படி கீழ் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பெயரைத் தேடுபவர்களுக்காக நீங்கள் சேர்த்த குறிப்பும் பயனுள்ளது. ஆங்கிலப் பதிவுகளில் சுப்ரமணியன், சுப்ரமணியம் என இரு வடிவமும் வரும். முதலெழுத்து இல்லாத ஒற்றைப் பெயர் என்பதால் படைப்பிரிவையும் தேதியையும் சேர்த்துத் தேடினால்தான் கிடைக்கும். லண்டன் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் 2002-இல் திறந்த நினைவு வாயில்களை ஒட்டிய மண்டபத்தின் உட்கூரையில், இரு உலகப் போர்களிலும் விக்டோரியா, ஜார்ஜ் சிலுவைகளைப் பெற்ற இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அங்கே போகிறவர்கள் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும்.

கல் தச்சர் ஐயா, ‘ணி’ எழுத்துக்காக நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதன் சுழிகளுக்கு இடையிலான கல் மெல்லியது. எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் உளி பட்டதும் பெயர்ந்துவிடும் என்று சொல்லி வரியைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கினீர்கள். புகழ்மொழிகள் போய், பெயரும் பதவியும் படையும் நாளும் இடமும் நின்றன. அதுவே நல்லதாயிற்று.

கடைசல் பட்டறைக்காரருக்கு: 10 சென்டிமீட்டர் குறுக்களவு, 13 சென்டிமீட்டர் உயரம் என்று கொடுத்த அளவுக்குக் கண்ணியின் மாதிரியை மரத்தில் கடைந்து, குடைந்து, ஈயம் நிரப்பி, எடையையும் 4 கிலோவுக்குக் கொண்டுவந்தீர்கள். வெறும் மரமாக இருந்தால் பிள்ளைகள் பொம்மையாக எண்ணியிருப்பார்கள். இப்போது இரு கையாலும் தூக்குகிறார்கள்.

இனி கல்லைப் பராமரிக்க முன்வந்தவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. வெறும் தண்ணீரும் மெத்தென்ற தூரிகையும் போதும். ஆசிட், கம்பித் தூரிகை இரண்டும் வேண்டாம். பளபளப்புப் போய் அழுக்கு முன்னிலும் வேகமாகப் பிடிக்கும். எழுத்துப் பள்ளத்தில் பெயிண்ட் உதிர்ந்தால், பழையதைச் சுரண்டி, கல் நன்றாகக் காய்ந்த பிறகே புதிது பூசுங்கள். ஈரக்கல்லில் பூசியது அடுத்த மழைக்குள் தோலாக உரிந்துவிடும். பிப்ரவரி 24-க்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட்டால் நல்லது.

நன்றியுடன்,
நினைவுக் கல் குழுவினர்