தொழிலையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு, மனச்சோர்வைப் பரம்பரையோடு முடிச்சுப்போட்ட உங்கள் தலையங்கம் பாதிதான் சொன்னது. மனச்சோர்வில் மரபணுவின் பங்கு 40 சதவீதத்துக்குப் பக்கம் என்று இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன, சரி, மீதி? ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உடம்பில் சேர்ந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தென்படுவதாகப் பல ஆய்வுகள் உண்டு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே தாராவியில் பதினைந்து வருடமாக, ஈயம் உள்ள பழைய பேட்டரிகளை உடைக்கும் வேலை பார்த்த என் சித்தப்பா, தூக்கம் போய், யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்தபோது, டாக்டர் கேட்டது குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று மட்டும்தான் (பாட்டிக்கு இருந்தது, அதோடு விசாரணை முடிந்தது). என்ன வேலை என்று கேட்கவே இல்லை.

மாநகராட்சி மருந்தகங்களில் தொழிலையும் கேட்டு எழுதட்டும், காயலான் வேலை செய்பவர்களுக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் இலவசமாகப் பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை