சித்தப்பாவும் உன் ஃபைபரும்

மாப்ள,

பதில் போடாமல் கிடந்ததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லையா?

விஷயம் முத்தையா சித்தப்பா. போன மாதம் ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் பிடிபடவில்லை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்க ரத்தம் மதுரைக்குப் போய் முடிவு வருவதற்குள் விடிந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்து, இப்போது பழையபடி சீட்டுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஆனால் லேப் டெக்னீஷியன் நான் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியாதது எனக்கு ஆறவே இல்லைடா.

அப்புறம்தான் ஒளியிழையை வைத்து ட்ரோபோனினை அளக்கிற ஃபைபர் சென்சாரைத் தேடிப் படித்தேன். நீ பேரையூர் ரோடெல்லாம் தோண்டிப் புதைக்கிறாயே, அதே சாதிதான். கேபிள் மடங்கினால் வெளிச்சம் கசியுது என்று ஆட்களிடம் கத்துவாய். இங்கே வேண்டுமென்றே இழையை ‘யு’ மாதிரி வளைக்கிறார்கள்! அந்த வளைவில் மேலுறையை எடுத்துவிட்டால், உள்ளே ஓடும் ஒளி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம் வெளியே எட்டும். அங்கே ட்ரோபோனினைப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஒட்டி ரத்த மாதிரியில் முக்கினால், எவ்வளவு வந்து சிக்குகிறதோ அதற்கேற்ப மறுமுனை வெளிச்சம் மாறும். சிக்கியதன்மேல் தங்க நானோ துகளை ஏற்றினால் இன்னும் நன்றாகத் தெரியும். வெளிச்சம் விட ஒரு எல்.இ.டி., அதை அளக்க ஒரு ஃபோட்டோடையோடு, கையடக்கப் பெட்டி. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இந்த வளைந்த இழையில் ஆராய்ச்சி நடக்கிறது.

கர்ப்ப டெஸ்ட் மாதிரி கோடு விழுகிற பட்டைதான் இருக்கிறதே என்பாய். இதயத்துக்கு அது போதாது. இப்போது எவ்வளவு, சில மணி நேரம் கழித்து எவ்வளவு, ஏறுகிறதா இல்லையா என்று எண்ணாக வேண்டும்.

என் கவலையெல்லாம் வெயில்தான். ஆன்டிபாடி பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய சரக்கு. சித்திரை மத்தியானத்தில் கரண்ட் போனால் என்ன கதி? ரத்தத்தில் இருக்கிற வேறு புரதம் இழையில் ஒட்டினாலும் எண் தப்பாகிவிடும். அந்த எண்ணை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவோமே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தூசி உன் இலாகா. ஆடிக்காற்றில் கனெக்டர் முனையை எப்படித் துடைக்கிறாய், கழற்றி மாட்டும்போது வெளிச்சத்தின் பவர் எவ்வளவு மாறும் என்று விவரமாக எழுது. பொங்கலுக்கு வரும்போது உடைப்பு பார்க்கிற சிவப்பு லைட் பேனாவைக் கொண்டு வா. பிளாஸ்டிக் இழையும் ஃபோட்டோடையோடும் நான் வாங்கி வைக்கிறேன். முதலில் சர்க்கரைத் தண்ணீரில் முக்கி, சர்க்கரை கூடக் கூட வெளிச்சம் குறைகிறதா என்று பார்த்துவிடுவோம்.

உன்,
பாண்டி