மின்னூலுக்கும் ஒரு விலை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் நூல் போடுகிறவர்கள் பலர் சொந்தக் காசில்தான் போடுகிறார்கள். வெளியீட்டு விழாவில் காசு வைத்த கவர் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்குவோரால் அச்சகக் கடன் ஓரளவு அடையும். மிச்சக் கட்டுகள் பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் ஏறும். 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய கடதாசி விலையைச் சொல்லவே வேண்டாம். அதற்குள் நூலின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் இலவசமாக ஓடுகிறது. அனுப்புகிறவர்களில் இலக்கிய ஆர்வலர்களும் இருப்பதுதான் வேடிக்கை!

2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தை நான் குறை சொல்லவில்லை. கிடைக்காத பழைய நூல்களுக்கு அது பெரும் உதவி. புது நூலுக்கு வழி வேறு. டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூட அடிக்கலாம். அப்புறம், மின்னூலைக் குறைந்த விலைக்கு, கைபேசியில் ஸ்கேன் செய்து செலுத்தும் லங்கா கியூஆரில் காசு வாங்கி, விழா மண்டபத்திலேயே விற்கலாமே.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.