நடைவண்டியும் வாக்கரும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

குழந்தைகள் வீட்டுக்குள் விழுந்து காயமடைவது பற்றிய தங்கள் செய்தியில், உட்கார்ந்து உருளும் வாக்கர் 'நடைவண்டி' என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. இரண்டும் வேறு. மர நடைவண்டியைக் குழந்தை நின்று தள்ளுகிறது. உடல் எடையைக் கால்களே தாங்குகின்றன. வாக்கரில் எடையைத் துணி இருக்கை தாங்கிவிடுகிறது. குழந்தை கால்விரல் நுனியால் உந்துகிறது. முன்தட்டு மறைப்பதால் தன் பாதங்களைப் பார்க்க முடிவதில்லை. அதில் வளரும் குழந்தைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் தாமதமாவதை 1999இல் வெளியான சீகல், பர்ட்டன் ஆய்வு காட்டியது. வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். அருகில் ஆள் இருந்தாலும் படிக்கட்டுக்கு முன் எட்டிப் பிடிக்க இயலாது. கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்தது.

மர வண்டியிலும் கோளாறு உண்டு. எடை குறைந்த வண்டி வழுவழுப்பான டைல்ஸ் தரையில் முந்தி ஓட, குழந்தை முகம் குப்புற விழும் (அந்தக் காலத்து மண்தரையில் இந்தத் தொல்லை இல்லை). அடிச்சட்டத்தில் இரண்டு கிலோ மணல் பையைக் கட்டினால் வேகம் அடங்கும். கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகே வண்டியைக் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலும் ஆறு, ஏழு மாதத்திலேயே வாக்கர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியின்போது எச்சரிப்பது தாமதம். 14ஆம் வார ஊசிக்கு வரும் பெற்றோரிடமே செவிலியர்கள் இதைச் சொல்ல சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு குழந்தைகள் இயன்முறை மருத்துவர்