செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய மொழி செமஸ்டர் முடிந்தது, உதவிய எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி ஸச்சோத்தும் முடிந்துவிட்டது. மதிப்பெண் எதுவும் போடாமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்லும் தேர்வுக்கு இங்கே அதுதான் பெயர். பெட்டியில் பாதி அடுக்கியாகிவிட்டது, மீதி கட்டில் மேல் கிடக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன். எனக்கு உதவிய ரஷ்யர்களுக்கு அவர்கள் மொழியிலேயே அட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று நம் ஆட்களுக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, எனக்காகத் தேர்வை முன்கூட்டியே வைத்துக் கொடுத்தவர்களுக்கு. ரஷ்யாவில் டிசம்பர் 25 ஒரு சாதாரண வேலை நாள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ஆம் தேதிதான் வருகிறது, அதைவிடப் பெரிய கொண்டாட்டம் புத்தாண்டுக்கு. ஸச்சோத் வாரம் டிசம்பர் கடைசியில், மற்ற தேர்வுகள் விடுமுறை முடிந்து ஜனவரியில், இதுதான் இங்கே வழக்கம். அந்தக் கணக்குப்படி போயிருந்தால் நான் பண்டிகையெல்லாம் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். தயங்கித் தயங்கித்தான் எங்கள் இலக்கண ஆசிரியையிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பண்டிகை நாளில் பிள்ளை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவரே டீன் அலுவலகத்துக்கு நடந்தார். மற்ற ஆசிரியர்களும் தங்களுக்கு ஓய்வாக இருந்த பாராக்களை எனக்காக ஒதுக்கினார்கள். பாரா என்றால் ஒன்றரை மணி நேர வகுப்பு. செமஸ்டர் முடிகிற நேரத்தில் ஓர் ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று படிக்கிற யாருக்கும் தெரியும்.

அதே இலக்கண ஆசிரியையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் வேற்றுமை ஆறுதான், நமக்கு எட்டு, அதனால் பயமில்லை என்று நினைத்துத்தான் எல்லாத் தமிழர்களும் வருவோம். நமக்கு எந்தச் சொல்லாக இருந்தாலும் உருபு ஒன்றுதான், இங்கே பால், எண் எல்லாவற்றுக்கும் ஏற்ப விகுதி மாறும், கூடவே பெயரடையும் மாறும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆளை உண்மையில் உலுக்குவது, போவதையும் வருவதையும் சொல்லும் வினைகள். நடந்து போனால் ஒரு வினை, வண்டியில் போனால் வேறு வினை, ஒரே திசையில் போவதற்கு ஒன்று, வழக்கமாகப் போய் வருவதற்கு இன்னொன்று, அதன் மேல் முன்னொட்டுகள் வேறு. புத்தகத்தில் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது மாதிரி இருக்கும், வாயைத் திறந்தால் ஒன்றும் வராது.

நவம்பரில் ஒரு நாள் அவர் புத்தகத்தை மூடச் சொன்னார், கோட்டை மாட்டச் சொன்னார், மொத்த வகுப்பையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வசிலியெவ்ஸ்கி தீவின் கரையிலிருந்து அரண்மனைப் பாலம் வழியாக அரண்மனைச் சதுக்கம் வரை நடை. வழி நெடுக, செய்வதைச் செய்கிறபோதே ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: கட்டடத்திலிருந்து வெளியேறுகிறேன், பாலத்தை நெருங்குகிறேன், பாலத்தைக் கடக்கிறேன், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தைத் தாண்டிப் போகிறேன், சதுக்கம் வந்து சேர்கிறேன். நெவா நதிக் காற்று முகத்தில் அறைகிறது, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், எதிரே வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள், அவர் மட்டும் யாரையும் விடுவதாக இல்லை, முன்னொட்டு தப்பினால் நாலு அடி பின்னால் போய் மறுபடி நடக்கச் சொன்னார். அன்றைக்கு உடம்பில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. நேற்றுப் பேச்சுத் தேர்வில், விமான நிலையத்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்டார்கள், யோசிக்காமல் சொல்லி முடித்தேன்.

உச்சரிப்பு வகுப்பெடுத்த இளம் ஆசிரியைக்கும் நன்றி. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, பல்லுக்கு நடுவில் பென்சிலைக் கடிக்கச் சொல்லி, தொண்டைக்குப் பக்கத்திலிருந்து வருகிற அந்த ஓர் உயிரொலியை வரவைக்கும்வரை அவர் ஓயவில்லை. ரஷ்ய மொழியின் மென்மையான லகரத்தையும் அழுத்தமான லகரத்தையும் நான் சீக்கிரம் பிரித்துவிட்டதைப் பார்த்து, உன் தாய்மொழியில் எத்தனை லகரம் என்று கேட்டார். ல, ள, ழ மூன்றையும் சொல்லிக் காட்டினேன். அடுத்த வகுப்புக்கு அவர் ழகரத்தைப் பழகிக்கொண்டு வந்திருந்தார்! நம்மிடம் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

அப்புறம் விடுதி வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. பலகையில் தொங்கும் சாவியைக் கை நீட்டிக் காட்டினால் தரவே மாட்டார். முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும், அறை எண்ணின் கடைசிச் சொல்லுக்குச் சரியான விகுதி வர வேண்டும், அப்போதுதான் சாவி கைக்கு வரும். பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. குளிர் தொடங்கியதும் தொப்பி போடாமல் வெளியே போனால் தெருவரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு திட்டு விழும். ரஷ்ய மொழியில் முதன்முதலில் யாருடைய கோபம் எனக்கு முழுசாகப் புரிந்தது என்றால் அவருடையதுதான். பாட்டி, நீங்கள் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது, நன்றி.

என் அறைத் தோழமை சீனாவிலிருந்து வந்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது, ஆகவே கெட்டில் யார் வாங்குவது என்பதிலிருந்து வீட்டு ஞாபகம் வந்து அழுதது வரை எல்லாம் அரைகுறை ரஷ்ய மொழியில்தான். எங்கள் முன்னேற்றத்தில் பாதி அந்த அறையில் நடந்தது. டிசம்பரில் இங்கே சூரியன் காலை 10 மணிக்குத்தான் வரும், மாலை 4 ஆவதற்குள் போய்விடும், முதல் பாராவுக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பும்போது மனசு எதற்கென்றே தெரியாமல் சுருங்கிவிடுகிறது. மதியம் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே என்னை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்துக்கொண்டு போனது அவர்தான்.

இங்கே மருத்துவம் படிக்கும் நம் ஊர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, முதல் சில வாரத்துக்குப் பணமாகவே கொண்டு வா என்று நான் கிளம்பும் முன்பே நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் திண்டாடியிருப்பேன். புல்கோவோ விமான நிலையத்துக்கு வந்தீர்கள், பதரோஷ்னிக் பயண அட்டை வாங்கித் தந்தீர்கள், ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான மிர் வாங்க வங்கிக்குக் கூட்டிப் போனீர்கள். நதியைத் திறந்து கப்பல் விடுகிற மாதங்களில் இரவில் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள், அந்த நேரத்துக்கு முன்னால் தீவுக்குத் திரும்பிவிடு என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்தி அனுப்பினீர்கள். உங்கள் தேர்வுகளுக்கு நடுவில் இதையெல்லாம் செய்தீர்கள்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் நன்றி. வந்திறங்கியதும் முகவரிப் பதிவு, அப்புறம் விசா நீட்டிப்பு, 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்குக் கட்டாயமான மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு எல்லாவற்றிலும் படிவத்தை எங்களோடு உட்கார்ந்து நிரப்பினார்கள். நெவ்ஸ்கி சாலையிலுள்ள புனித கத்தரீன் கத்தோலிக்க ஆலயத்தில் திருவருகைக்கால ஞாயிறுகளில் என்னைத் தங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டுப் புத்தகத்தில் வரியைத் தொட்டுக் காட்டிய குடும்பத்துக்கும்.

சோவியத் காலத்து மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரஷ்ய நூல்களைத் தமிழாக்கித் தந்த ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் இருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அலமாரியில் அந்தப் பழைய புத்தகங்கள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மொழி எனக்குத் தூரத்து மொழியாகவே இருந்திருக்கும்.

பிப்ரவரியில் அடுத்த செமஸ்டருக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. என் கனத்த கோட், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, இலக்கண நோட்டுகள், கெட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசல் பாட்டியிடம் கொடுத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.